எட்டாவது சீட்டு

பெல்ட்டக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிறது. வெயில் பட்டுப் பாதி அழிந்துவிட்டது, யாரும் அதைத் தேடவும் இல்லை. சக்கர நாற்காலிகளை வண்டித் தரையோடு சேர்த்து பெல்ட் போட்டு இறுக்குவது அவள் வேலை. ஒரு நாற்காலிக்கு நாலு பெல்ட். இறுக்கி முடித்ததும் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவாள். அசையவில்லை என்றால்தான் "போலாம் தம்பி" என்பாள். பதினாலு வருஷமாக அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் நான் கிளட்சில் கால் வைக்கிறேன். நான் டிரைவர். என்னைப் பற்றி அவ்வளவு போதும்.

முன்பு அவள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனது. "அந்த வண்டில லிஃப்ட் இருக்கு, மெஷினே தூக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி இங்கே வந்தாள். மெஷின் தூக்கும்தான், வாரத்தில் மூன்று நாள். மீதி நாளில் இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு அவள் மேலேயிருந்து இழுக்க, நான் கீழேயிருந்து தள்ளுவேன். இடுப்போடு இப்போது முழங்காலும் சேர்ந்துகொண்டது. கட்டினவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், அக்கா பேசிக்கொண்டே தூங்கிவிடுவாள். அவள் குடியிருப்பது தங்கை குடும்பத்தோடு, இரண்டாம் மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது, நாற்பத்தாறு படி. "ஊரையெல்லாம் லிஃப்டுல ஏத்தி விடுறேன், என்னை ஏத்தி விட நாதி இல்ல" என்று கைப்பிடியைப் பிடித்தபடி சொல்லிவிட்டு ஏற ஆரம்பிப்பாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போதும் அவள் முதல் மாடியில்தான் நின்றிருப்பாள்.

எங்கள் ஓட்டம் இப்படி. காலையில் முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழு பேர். அவர்களை இறக்கிவிட்டு, பட்டறைக்குப் போகும் பெரியவர்கள் ஐந்து பேர். பட்டறையில் அவர்கள் அட்டைப்பெட்டி மடிப்பார்கள், உறைகளில் விலாசம் ஒட்டுவார்கள். மாலையிலும் அதே வரிசைதான். மூன்றரைக்குப் பள்ளி மணி அடிக்கும், மூணே முக்காலுக்கு வண்டி கிளம்பும், பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு நாலரைக்கெல்லாம் பட்டறை வாசலில் நிற்க வேண்டும். பள்ளியில் பாட்டோ நாடகமோ விளையாட்டோ, எதுவாக இருந்தாலும் மூன்றரைக்கு ஆரம்பித்து ஐந்துக்கு முடியும். எங்கள் பிள்ளைகள் அதில் எதிலும் இருக்க முடியாது என்று எவரும் சட்டம் போடவில்லை. மூணே முக்கால் மணிதான் தடுத்தது. கடிகாரத்தோடு யார் போய்ச் சண்டை போடுவது.

வருஷ ஆரம்பத்தில் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வரும். செவ்வாய்க்கிழமைக்கு நாடகம், தோட்டம், மேசைப்பந்து. வியாழக்கிழமைக்குச் சதுரங்கம், பாட்டு, பள்ளி வானொலி. 'விரும்புவதை வட்டமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் தரவும். எல்லா மாணவர்களும் சேரலாம்' என்று அடியில் இரண்டு வரி. மற்றப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே கொடுத்துவிடுவார்கள். வண்டிப் பிள்ளைகளின் தாள் எதுவானாலும் பெல்ட்டக்கா கைக்குத்தான் வரும், ஏனென்றால் வீட்டு வாசலில் அம்மா அப்பாவைப் பார்ப்பவள் அவள். ஏழு பிள்ளைக்கு ஒரு பெரிய கட்டாகவே சீட்டு வரும். கொடுப்பதில் மட்டும் அந்தப் பள்ளிக்கூடம் குறை வைத்ததில்லை.

முதல் வருஷம் அவள் எல்லாருக்கும் கொடுத்தாள். நடக்க முடியாத ஒரு சின்னப் பெண் பாட்டை வட்டமிட்டாள். இரண்டு வாரம் அவள் அப்பா யாரிடமோ கார் இரவல் வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கு வந்தார். மூன்றாம் வாரம் கார் கிடைக்கவில்லை. ஆறரை வரை அந்தப் பிள்ளை வாட்ச்மேன் அறை வாசலில் தனியாக இருந்தது. கழிப்பறைக்குக் கூட்டிப்போகவும் ஆள் இல்லை. மறுநாள் வண்டியில் ஏறும்போது, "பாட்டு வேணாம்க்கா" என்றது. அதற்குப் பிறகு அது வண்டியில்கூடப் பாடவில்லை.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாதுன்னு தெரிஞ்சா, அதைக் கண்ணுல காட்டவே கூடாது தம்பி," என்றாள் அக்கா.

அடுத்த வருஷத்திலிருந்து அந்தச் சீட்டெல்லாம் டேஷ்போர்டுக்குள் போயின. பயணத் தாள் அச்சடிப்பதை எங்கள் ஆபீஸ் நிறுத்தியிருந்த சமயம் அது. எதிலாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சீட்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. யார் ஏறினார்கள், எத்தனை மணிக்கு, எங்கே எப்போது இறங்கினார்கள் என்று அக்கா அதில் எழுத ஆரம்பித்தாள். எழுதியதை மாதவாரியாகக் கட்டிப் பின்சீட்டுக்கு அடியில் பெட்டியில் போட்டுவைப்பாள். பதிமூன்று வருஷம் இப்படியே போயிற்று.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது, நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன், எனக்கென்ன வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தக் கதையில் பூசாரிகள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

இதைக் கண்டுபிடித்தது, வண்டிப் பிள்ளைகளில் நாங்கள் வக்கீலம்மா என்று கூப்பிடுகிறவள். பதினைந்து வயசுப் பெண். கை சொன்னபடி கேட்காது, பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகத்தான் வரும். ஆனால் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் விடமாட்டாள். அவள் நடுவில் இருக்கும்போது நான் ஹார்ன் அடித்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள், அதனால் அடிப்பதில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்துக் கொக்கியில்தான் பயணத் தாள் அட்டை தொங்கும். ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னல் காற்றில் தாள் திரும்பிக்கொண்டது. அவள் வீடு வரும்வரை அதைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அக்கா பெல்ட்டை அவிழ்க்கக் குனிந்தபோது கேட்டாள்.

"இந்தச் சீட்டு யாருக்கு வந்ததுக்கா?"

"பழைய பேப்பர்மா அது."

"இந்த வருஷம் போட்டிருக்கு."

அக்கா பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு.

"எல்லா மாணவர்களும்னு போட்டிருக்கு. அதுல நாங்க வரமாட்டோமா?"

"நீங்க வருவீங்கம்மா. வண்டி வராது."

வக்கீலம்மா கோபப்பட்டிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். கோபக்காரப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கை அது. அந்தப் பெண் பேனா கேட்டாள். அக்கா பேனாவைக் கொடுத்து, அட்டையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வட்டம் போட்டு முடிக்க நிறைய நேரம் ஆனது. நாடகத்தில் ஆரம்பித்த கோடு பக்கத்து வரிசைச் சதுரங்கத்தையும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"எதும்மா, நாடகமா சதுரங்கமா?"

"ரெண்டும்தான்," என்றாள் வக்கீலம்மா. கை ஆடியதா ஆசையே அதுதானா என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று அக்காவை வீட்டில் இறக்கும்போது அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. "எனக்கு ரொம்ப அசதியா இருக்கு தம்பி," என்றாள். "நாளைக்கு எல்லாருக்கும் குடுத்துடலாம். குடுத்துட்டு என்ன செய்யறதுன்னு அப்புறம் பாப்போம்." அவள் குரலில் தைரியம் எதுவும் இல்லை. வேறு வழியில்லாத குரல்தான்.

புதன்கிழமை காலையில் ஏழு வாசலிலும் ஏழு சீட்டு கொடுத்தாள். பேசாத சின்னவன் ஒருவன் உண்டு. அவனுக்குப் பட்டியலை வாசித்துக் காட்டினாள். தோட்டம் என்றதும் அவன் அவள் வாயைக் கையால் பொத்தினான், மேலே வாசிக்க வேண்டாமாம். மாலைக்குள் ஏழும் வட்டத்தோடு திரும்பி வந்தன. தலைமையாசிரியையிடம் போனாள். "நாங்க எல்லாரும் சேரலாம்னுதானே போட்டிருக்கோம், வண்டி உங்க ஆபீஸ் விஷயமாச்சே" என்றார். ஆபீஸுக்குப் போன் போட்டாள். "கிளப் அது இதுன்னா பள்ளிக்கூடத்து விஷயம்" என்றார்கள். ஆளுக்கொரு பக்கம் கை காட்டினால் நடுவில் நிற்பவன் எங்கே போவான். அக்கா நேரில் போய் மேனேஜர் மேசை முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "உக்காந்தா எந்திரிக்க நேரமாகும் சார், நிக்கிறேன்" என்றாள். அவள் நிற்பதைப் பார்க்க முடியாமலோ என்னவோ, மேனேஜர் ஒரு வழி சொன்னார். செவ்வாயும் வியாழனும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம், பட்டறை ஆட்கள் மூன்றரைக்கு, பிள்ளைகள் ஐந்துக்கு. ஆனால் பட்டறை ஆட்கள் ஐந்து பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

ஐந்து பேரும் என்றதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரியும் ஏன் என்று.

பட்டறையில் மூன்றரைக்கு வேலை முடிந்துவிடும். மூன்றரையிலிருந்து நாலரை வரை, வண்டி வரும்வரைக்கும், அங்கே கேரம் நடக்கும். நாளெல்லாம் அட்டைப்பெட்டி மடிக்கிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுடைய நேரம். அதை நடத்துவது, நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் பையன். இருபத்துநாலு வயசு. கால் ஒத்துழைக்காது, வாய் நாலு ஆளுக்கு ஒத்துழைக்கும். ஆட்டத்தையும் ஆடிக்கொண்டு, ஆட்டத்தைப் பற்றிய வர்ணனையையும் அவனே சொல்வான். வண்டியில் ஏறினாலும் அப்படித்தான். "இடது பக்கம் மருந்துக்கடை, ஷட்டர் பாதி தொறந்திருக்கு, கடைக்காரர் முழுசா தொறக்கல, அவருக்கே மருந்து தேவைப்படுது போல" என்று வீடு வரைக்கும் ஒலிபரப்பு இருக்கும். அவனும் பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் வண்டியில் வந்தவன்தான். நாலு வருஷம் வந்தான். அந்த நாலு வருஷமும் சீட்டு டேஷ்போர்டுக்குள்தான் இருந்தது. பட்டியலின் கடைசியில் பள்ளி வானொலி என்று இருந்ததை எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

வியாழக்கிழமை மாலை பட்டறையில் அக்கா பேசினாள். மூன்று பேர் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று உடனே கையெழுத்துப் போட்டார்கள். நாலாமவர் வயசானவர், "ரேடியோ போட்டா நானும் போடுறேன்" என்றார். ரேடியோ கேரம் காய்களைப் பெட்டிக்குள் எண்ணி வைத்துக்கொண்டிருந்தான்.

"வாரத்துல ரெண்டு நாள் கேரம் போகும். அப்படித்தானேக்கா?"

"ஆமா."

"யாருக்காக?"

அக்கா சொன்னாள். நாடகம், தோட்டம், சதுரங்கம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி வானொலியை மட்டும் விட்டுவிட்டாள். ஆனால் சீட்டு அவள் கையில் இருந்தது, அவன் வாங்கிப் படித்தான். மேலேயிருந்து கீழே படித்தவன் கீழே வந்ததும் நிறுத்திவிட்டான்.

"நான் படிக்கும்போது இது கிடையாதா?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான், கையெழுத்தும் போட்டிருப்பான், எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

"இருந்துச்சு," என்றாள். "வருஷா வருஷம் வந்துச்சு. நான்தான் குடுக்கல."

அன்று வண்டியில் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மருந்துக்கடை வந்தது, போனது. பாலத்தடியில் ஒருவர் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், சாதாரண நாளாக இருந்தால் அதற்கே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டிருப்பான். "என்னப்பா, பேட்டரி போச்சா?" என்று நான் கேட்டேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் இல்லை. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்ததும் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அவன் வீட்டு வாசலில் அக்கா குனிந்து பெல்ட்டை அவிழ்த்தாள். நாலாவது பெல்ட் அவிழும்போது அவன் பேசினான்.

"குடுத்திருக்கலாம்லக்கா. வண்டி போயிடும்னு எனக்கும் தெரியும். நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்."

குனிந்த அக்கா நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று நான் இறங்கி வந்தேன். இடுப்பு இல்லை. அவள் பெல்ட் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பதினாலு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"அந்தப் பழைய சீட்டு இருக்கா?" என்று கேட்டான் ரேடியோ.

பின்சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தோம். தூசியில் எனக்குத் தும்மல் வந்தது. ஏழு வருஷத்துக்கு முந்திய கட்டு ஒன்றில் அவன் பெயர் எழுதிய தாளை அக்கா தேடி எடுத்தாள். அவன் அதையும் தன் பங்குச் சம்மதத் தாளையும் வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டான். "ரெண்டையும் படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்," என்றான். லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் வாசலில் தயாராக இருந்தான். முதலில் சம்மதத் தாளை நீட்டினான். செவ்வாய்க்கு நேராகக் கையெழுத்து இருந்தது. வியாழனை ஒரே கோடாக அடித்திருந்தான்.

"செவ்வாய் அவங்களுக்கு. வியாழன் எனக்கு," என்றான். "ரெண்டையும் குடுக்க எனக்கு மனசு வரல. கேட்டா அவங்க கிட்ட சொல்லிடுங்க."

"சரிப்பா," என்றாள் அக்கா.

பிறகு பழைய சீட்டை எடுத்தான். மடித்த மடிப்பில் கிழிந்துவிடாமல் மெதுவாக விரித்தான். பள்ளி வானொலியைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது, சுத்தமான வட்டம், டம்ளரைக் கவிழ்த்து வைத்து வரைந்த மாதிரி.

"நேத்து வேணாம்னு சொல்லியிருப்பேன்னு சொன்னேன்ல. அது பொய்," என்றான். "வெள்ளிக்கிழமைக்குள்ள தரணும்னு போட்டிருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே."

அக்கா அதை வாங்கிக்கொண்டாள். நாலு பெல்ட் போட்டாள், உலுக்கினாள், "போலாம் தம்பி" என்றாள். மருந்துக்கடை தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஷட்டர் இன்னைக்கு முக்கால் தொறந்திருக்கு." எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. பட்டறையில் அந்த வயசானவரும் அதே மாதிரி செவ்வாயை மட்டும் வைத்துக்கொண்டு வியாழனை அடித்துக் கொடுத்தார். போனில் மேனேஜரிடம் சொன்னோம். ஒரு நாளாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

மாலையில் பிள்ளைகள் ஏற வந்தபோது அக்கா விஷயத்தைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை உண்டு, வியாழன் இல்லை. சின்னவனுக்குத் தோட்டம் செவ்வாய், அவன் தப்பித்தான். பாட்டைக் கேட்ட ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வக்கீலம்மாவுக்குச் சதுரங்கம் போயிற்று.

"ஏன் வியாழன் குடுக்கல?"

"அவங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்தாம்மா இருக்கு. கேரம் ஆடுவாங்க."

வக்கீலம்மா யோசித்தாள். வாதாடப் போகிறாள் என்று நான் இன்ஜினை அணைத்தேன்.

"நான் அவரா இருந்தா செவ்வாயும் குடுத்திருக்கமாட்டேன்," என்றாள்.

இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் அக்கா வீடு சேர ஏழு மணி ஆகும். முழங்காலுக்கு யாரும் நேரத்தை மாற்றித் தரப்போவதில்லை. எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று கேட்டால், அந்த எலிப்புழுக்கை நான், பள்ளி வாசலில் ஐந்து மணி வரை காயவேண்டியவன். என் பெண்டாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைகளை ஏற்றி பெல்ட் போட்டு முடித்ததும், வாட்ச்மேனை வண்டிப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, அக்கா சீட்டுகளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள். படி ஏறும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை வாங்கி மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினார்.

"உங்க வண்டில ஏழு பசங்கதானே. எட்டு இருக்கே?"

"எட்டுதான் மேடம்," என்றாள் அக்கா. "ஒண்ணு குடுக்க லேட்டாயிடுச்சு. தப்பு அந்தப் புள்ள மேல இல்ல. எங்க மேல."

எங்க என்று சொன்னாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள், நான் மறுக்கவில்லை. தலைமையாசிரியை மஞ்சளாகிப்போன அந்தத் தாளைக் கையில் எடுத்து, வட்டத்தைப் பார்த்து, வருஷத்தைப் பார்த்து, பிறகு திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அக்காவின் எழுத்தில் ஏழு வரிகள் இருந்தன. மூன்றாவது வரியில், ரேடியோ, ஏறியது 3.40, வீட்டில் இறங்கியது 4.15 என்று இருந்தது.